சருக்கரை எதிர்மாற்றமும் கிளர்வு ஆற்றல் என்னும் கருத்தின் வரலாறும்

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் பற்றி நிகழும் ஆராய்ச்சி பெரும்பாலும் சொல்லின் வேரையே நோக்குகின்றது. வேர் தமிழா வடமொழியா, ஆக்கம் இலக்கண நெறிக்கு ஒத்ததா, ஓசை எளிதா என்பன வினவப்படுகின்றன. அச்சொல் குறிக்கும் கருத்து எவ்வாறு பிறந்தது, எக்கருத்துகளை விலக்கி நிலைபெற்றது என்னும் வினா எழுவது அரிது. அவ்வினாவை எழுப்பாது சொல்லின் பொருத்தத்தை அளக்க இயலாது என்பது நம் கருத்து. அதனை ஒரு சொல்லைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வேதிவினை நிகழ்வதற்கு மூலக்கூறுகள் பெற்றிருக்க வேண்டிய மிகை ஆற்றலைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கிளர்வு ஆற்றல்' என்று வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஏவற்சக்தி' என்று வழங்குகின்றன. ஆற்றல், சக்தி என்னும் வேறுபாடு ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. முன்மொழிகளே நோக்கத்தக்கன. கிளர்தல் தன்வினை, கிளர்வது தன்பாலுள்ள எழுச்சியாற் கிளர்கின்றது. ஏவலோ ஏவுவோன் ஒருவனை வேண்டி நிற்பது. இலக்கணம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. வேதிவினையின் விரைவை அறுதியிடுவது எது என்று மேலைநாட்டு அறிஞர் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆராய்ந்தபோது, அவர்களிடையே நிகழ்ந்த ஒரு பெரும் பூசலும் இவ்வேறுபாட்டைப் பற்றியதே.

அவ்வரலாறு முழுவதையும் கூறப் புகின் நூலாக விரியும். ஆதலின் ஒரே ஒரு வினையைப் பின்பற்றிச் செல்வாம். கரும்புச் சருக்கரை நீரோடு கூடிக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு எளிய சருக்கரைகளாகப் பிரியும் வினை அது. நம் நாட்டில் கருப்பஞ்சாறு காய்ச்சுவோர் இதனைப் பெயரறியாமலே நன்கறிவர். பிழிந்த சாற்றை நெடும்பொழுது வைத்திருந்து காய்ச்சினால் வெல்லம் இறுகி உறைவதில்லை. சாற்றிலுள்ள நுண்ணுயிர்களும் புளிப்பும் சருக்கரையைப் பிரித்துவிடுவதே காரணம். சாற்றிற்குச் சுண்ணாம்பு இடுவதன் பயன்களுள் அப்புளிப்பை அடக்குவதும் ஒன்று. பெரும்பாணாற்றுப்படை கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓயா ஓசையையும் பாகு அடும் ஆலையின் புகையையும் ஒருசேரக் கூறுகின்றது. பிழிதலும் அடுதலும் ஓரிடத்தே அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது நம் ஊகம்.

இனி வரலாற்றிற்கு வருவாம். பதினெட்டாம் நூற்றாண்டின் வேதியியலார் பொருள்களின் சேர்க்கையை 'நாட்டம்' என்னும் ஒன்றால் விளக்கினர். 1718இல் பிரான்சு நாட்டு ஜெஃப்ராய் எப்பொருள் எதனை மிகுதியாக நாடும் என்று ஓர் அட்டவணை வகுத்தார். 1775இல் சுவீடன் நாட்டு பெர்க்மன் அதனை மிக விரித்தார். இக்கொள்கை கற்றோரிடையே பெற்ற செல்வாக்கிற்கு, 1809இல் கெதே தம் புதினம் ஒன்றிற்கு இக்கலைச்சொல்லையே பெயராக இட்டமை சான்று. நாட்டம் வலிதாயின் வினை விரையும், மெலிதாயின் தாழும் என்பது எவரும் ஐயுறாத துணிபாக இருந்தது. காதல் மிக்கார் கடிது சேர்வர் என்பது போன்ற எண்ணம் இது. 1777இல் வென்செல் உலோகங்கள் அமிலத்திற் கரையும் விரைவைக் கண்டறிய முயன்றதும், விரைவைக் கொண்டு நாட்டத்தை அளக்கலாம் என்னும் நம்பிக்கையினாலேயே.

இத்துணிபு பிழை. ஐதரசனும் ஆக்சிசனும் சேர்ந்து நீராதற்குரிய நாட்டம் மிகப் பெரிது. எனினும் அவ்விரு வாயுக்களின் கலவையை அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கலாம். ஒரு பொறி பட்டால் நொடியில் வெடிக்கும். பொறி நாட்டத்தை மிகுவித்ததில்லை. இன்று இது மாணவரும் அறிந்த செய்தி. ஆயினும் நாட்டம் வேறு, விரைவு வேறு என்று பிரித்தறியப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கழிந்தது.

முதலில் விரைவு என்பது அளக்கப்படும் ஓர் எண்ணாதல் வேண்டியிருந்தது. விரைவைக் குறிக்கத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு என்பவற்றை அப்பொருளன என்று கூறும். ஆனால் இவை பண்பு உணர்த்துவன. இத்துணைப் பொழுதில் இத்துணை அளவு என்னும் கணக்கு வேறு. அக்கணக்கை உணர்த்துவதில் இலங்கையாரின் 'தாக்க வீதம்' நம் 'வினைவேகம்' என்பதனினும் சிறந்தது என்று நடுநின்று கூறல் வேண்டும்.

அக்கணக்கை முதன்முதல் செவ்வனே அமைத்தவர் ஜெர்மானியராகிய லுட்விக் வில்கெல்மி (1812–1864). மருந்தியல் பயின்று, பின்னர் வேதியியலும் இயற்பியலும் கற்று, கைடல்பர்க்குப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவர் 1850இல் வெளியிட்ட கட்டுரை, அமிலம் கரும்புச் சருக்கரையின்மீது எவ்விதிப்படி வினைபுரிகின்றது என்பதைப் பற்றியது. அவர் சருக்கரையைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. ஒரே தளத்தில் அதிரும் ஒளி சருக்கரைக் கரைசலின் வழிச் செல்லும்போது அத்தளம் வலமாகத் திரும்பும். பிரிந்தபின் உண்டாகும் கலவையின் வழிச் செல்லும்போது இடமாகத் திரும்பும். வலம் இடமாக மாறுவதாலேயே இதற்கு எதிர்மாற்றம் என்னும் பெயர் வந்தது. திருப்பக் கோணத்தைக் கருவியால் நோக்கிக்கொண்டே இருந்தால், கரைசலைத் தொடாமலும் வினையை நிறுத்தாமலும், ஒவ்வொரு கணத்திலும் எஞ்சிய சருக்கரை எவ்வளவு என்று அறியலாம். ஓடும் ஆற்றைத் தேக்காமல் அளப்பது போன்றது இது.

அவர் கண்ட விதி எளியது. ஒரு சிறு பொழுதில் மாறும் சருக்கரை, அப்போது எஞ்சியிருக்கும் சருக்கரையின் அளவிற்கு நேர்விகிதத்தில் உள்ளது. நூற்றுக்குப் பத்துக் குறைந்தபின், அடுத்துக் குறைவது பத்தன்று. எஞ்சிய தொண்ணூற்றிற் பத்தில் ஒரு பங்காகிய ஒன்பது. கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்ட கணக்கு எனலாம். இதனை அவர் வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி, அமிலத்தின் அளவும் வெப்பநிலையும் விரைவை மாற்றும் முறையையும் ஆராய்ந்தார். நாட்டத்தைப் பற்றிய வாதம் இன்றி, நிகழ்ச்சியின் போக்கை மட்டும் கணக்கிட்டமை அவர் பெருமை.

அக்கட்டுரை ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் எவராலும் போற்றப்படாது கிடந்தது. அது வெளிவந்தது இயற்பியல் இதழில். நுண்கணிதம் அக்கால வேதியியலாரிற் பெரும்பாலோர்க்குப் பழக்கமில்லாதது. அவர்கள் கருத்தெல்லாம் கரிமப் பொருள்களின் அமைப்பைக் காண்பதில் ஈடுபட்டிருந்தது. என்ன உண்டாகின்றது என்பதே வினா. எவ்வளவு பொழுதில் என்பது வினாவாகவில்லை. 1884ஆம் ஆண்டளவில் ஆஸ்வால்டு அதனை எடுத்துக் காட்டினார். 1891இல் தாம் தொகுத்த அறிவியற் செந்நூல் வரிசையிலும் பதிப்பித்தார். ஆசிரியர் அதனைக் காண உயிரோடில்லை. ஏட்டுச் சுவடிகள் மீண்டும் ஒளிபெற்ற வரலாறு அறிந்த தமிழ்த்துறையினர்க்குப் பதிப்பாசிரியரின் இத்தொண்டினை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட காலத்தில் பிறர் வேறு வழிகளாற் சென்றனர். பெர்த்தலோவும் பெயான் த சேன் கீலும் 1862இல் அமிலமும் சாராயமும் மெல்ல வினைபுரிவதை ஆராய்ந்தனர். ஆக்சுபோர்டில் ஆர்க்கோர்ட்டு என்னும் வேதியியலாரும் எசன் என்னும் கணித அறிஞரும் இணைந்து 1860களின் இடைப்பகுதியில் நுட்பமான அளவீடுகள் செய்தனர். நார்வே நாட்டு குல்பெர்க்கும் வாகேயும் 1864இல் செறிவின் பங்கினை வரையறுத்தனர். ஆயினும் இவ்விருவரும் அப்போது பேசியது வேதி 'விசை' பற்றியே. விரைவு அவ்விசைக்கு ஏற்ப அமையும் என்றனர். பழைய நாட்டக் கொள்கை புதிய ஆடை உடுத்து நின்றது.

அதனைக் களைந்தவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த வான்ட் ஹாஃப். 1884இல் வெளிவந்த தம் நூலில், சமநிலை என்பது எதிரெதிரான இரு வினைகளின் வீதங்கள் ஒத்துவரும் நிலை என்றார். நாட்டத்தை அவ்வினையாற் பெறத்தக்க வேலையின் அளவாகக் கொண்டார். இவ்வாறு இரண்டும் பிரிந்தன. சமநிலை வெப்பத்தோடு மாறும் விதியினின்றும், வீதம் வெப்பத்தோடு மாறும் விதிக்கு ஒரு வடிவத்தையும் அவர் வருவித்தார். இன்று 'அர்ரீனியஸ் சமன்பாடு' எனப்படுவதன் வடிவம் உண்மையில் வான்ட் ஹாஃப் தந்ததே.

ஆயின் அர்ரீனியஸ் செய்தது யாது? இங்கேதான் பாடநூல்கள் நம்மைத் தவறாக வழிநடத்துகின்றன. சூடு ஏறினால் மூலக்கூறுகள் விரைந்து ஓடும், மிகுதியாக மோதும், ஆதலின் வினை விரையும் என்று எழுதி, அதன்கீழ் அர்ரீனியஸின் பெயரையும் இடுகின்றனர். 1889இல் அவர் எழுதிய கட்டுரை இவ்விளக்கத்தை ஏற்க மறுத்த கட்டுரை.

அக்கட்டுரையின் பொருளும் அமிலத்தாற் சருக்கரை எதிர்மாறும் வேகமே. அவர் எண்களை ஒப்பிட்டார். வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் எதிர்மாற்றம் ஏறத்தாழ 12 விழுக்காடு விரைகின்றது. வாயு மூலக்கூறுகளின் ஓட்டமோ ஒரு பாகைக்கு ஒரு விழுக்காட்டில் ஆறில் ஒரு பங்கே மிகும். நீர்மத்தின் உராய்வு குறைவதால் விரைகின்றது எனலாமோ எனின், அவ்வுராய்வு ஒரு பாகைக்கு 2 விழுக்காட்டளவே குறையும். பத்துப் பாகைக்குக் கணக்கிட்டால் வேறுபாடு வெளிப்படை: மோதுகை 2 விழுக்காடும் மிகாத இடத்தில் வினை மும்மடங்காகின்றது. ஆகவே மோதுகையின் மிகுதி காரணமாகாது.

இதனினின்றும் அவர் ஒரு துணிவான முடிவிற்கு வந்தார். கரைசலில் உள்ள சருக்கரை முழுவதும் வினைபுரிவதில்லை. அதன் மிகச் சிறு பங்கு 'கிளர்ந்த சருக்கரை' என்னும் வேறொரு நிலையில் உள்ளது. கிளராததும் கிளர்ந்ததும் சமநிலையில் இருக்கின்றன. அமிலத்தால் மாறுவது கிளர்ந்த பகுதியே. வெப்பம் ஏறும்போது அப்பகுதியின் அளவு பாகைக்கு 12 விழுக்காடு பெருகுகின்றது. வினையும் அவ்வாறே விரைகின்றது. கிளர்ந்த சருக்கரையை அவர் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. அதன் அளவு எந்தச் சோதனைக்கும் எட்டாத சிறுமையுடையது என்பதனையும் மறைக்கவில்லை. கருதலளவையால் மட்டும் பெற்ற பொருள் அது.

வெப்பத்தையும் விரைவையும் இணைக்கும் வாய்பாடுகள் அக்காலத்தில் வேறும் இருந்தன. பெர்த்தலோ ஒன்று கூறினார். ஆர்க்கோர்ட்டும் எசனும் மற்றொன்று கூறினர். சோதனை நிகழும் குறுகிய வெப்ப எல்லைக்குள் அவை யாவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பொருந்துவன. எண்ணளவில் எது சிறந்தது என்று துணிய இயலாது. அர்ரீனியஸின் வாய்பாடு வென்றமைக்குக் காரணம் அதன் துல்லியமன்று. அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் பொருள் இருந்தமையே. பொருளில்லா உறுப்புகளையுடைய வாய்பாடு, பொருந்தினும், அடுத்த வினாவை எழுப்புவதில்லை.

அவர் எழுப்பிய அடுத்த வினா இது: கிளர்வதற்குரிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் டிரௌட்சும் (1916) இங்கிலாந்தில் லூயிசும் (1918) ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கருத்தை வெளியிட்டனர். எல்லா மோதுகையும் பயன்படா. போதிய ஆற்றலோடு நிகழும் மோதுகையே வினையாகும் என்பது அக்கருத்து. சருக்கரை எதிர்மாற்றத்திற்கு வேண்டிய கிளர்வு ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 108 கிலோ ஜூல். அறை வெப்பத்தில் அவ்வாற்றல் வாய்ப்பது கோடி கோடியில் ஒன்றிற்கும் அரிது. வெப்பம் ஏறும்போது சராசரி ஆற்றல் சிறிதே மிகினும், எல்லையைக் கடந்த அச்சிறுபான்மை பன்மடங்காகப் பெருகும்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. சில வாயுக்கள் தாமே சிதைகின்றன. அவற்றை விரிந்த கலத்தில் இட்டு நெருக்கத்தைக் குறைத்தாலும், குறித்த பொழுதில் சிதையும் பங்கு மாறுவதில்லை. மோதுகையே கிளர்வதற்குக் காரணமாயின், மோதுகை குறையச் சிதைவும் குறைதல் வேண்டும். குறையாமையின், ஆற்றல் புறத்திருந்து, கலத்தின் சுவர்கள் உமிழும் கதிர்வீச்சினின்றும் வருகின்றது என்று பிரான்சு நாட்டுப் பெரன் 1919இல் வாதிட்டார். இக்கொள்கையை லூயிசும் டிரௌட்சும் தழுவியிருந்தனர். இதன்படி மூலக்கூறு தானே கிளர்வதன்று, ஒளியால் ஏவப்படுவது.

லாங்மியூர் 1920இல், அத்துணைக் கதிராற்றல் கலத்தினுள் இல்லை என்று கணக்கிட்டு மறுத்தார். மறுப்பினும் சிறந்த விடையை 1921இல் ஃபாரடே கழகத்தின் கலந்துரையாடலில் லிண்டமன் கூறினார். மோதுகையால் ஆற்றல் பெற்ற மூலக்கூறு உடனே சிதைவதில்லை. சிறிது பொழுது தாழ்க்கின்றது. அப்பொழுதிற்குள் மற்றொரு மோதுகையால் அவ்வாற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. நெருக்கம் மிக்க இடத்தில் பெறுவதும் இழப்பதும் ஒருசேர மிகுதலின், கிளர்ந்தவற்றின் பங்கு மாறாது நிற்கும். சிதைவும் நெருக்கத்தைச் சார்ந்ததாகத் தோன்றாது. நெருக்கம் மிகக் குறைந்தால் இந்நிலை மாறிச் சிதையும் பங்கும் குறைய வேண்டும் என்பது இக்கருத்தின் விளைவு. ஆக்சுபோர்டில் இன்செல்வுட்டும் அவர் மாணவரும் 1920களில் அக்குறைவைச் சோதனையிற் கண்டனர். கதிர்வீச்சுக் கொள்கை வீழ்ந்தது. இன்செல்வுட்டு 1956இல் செமியோனோவுடன் நோபல் பரிசு பெற்றார்.

ஆற்றல் புறத்தே நின்று ஏவுவோன் ஒருவனிடமிருந்து வருவதன்று. மூலக்கூற்றுக் கூட்டத்தினுள்ளேயே ஓயாது பங்கிடப்படுவது. அப்பங்கீட்டில் மிகுதி பெற்றது கிளர்கின்றது. சில பொழுது வினைபுரிகின்றது. பல பொழுது மீண்டும் அடங்குகின்றது. கிளர்தலும் அடங்குதலும் ஒரே பொருளின் இருநிலைகள் என்பதற்குத் தமிழில் 'கிளர்வு' என்பதனினும் ஏற்ற சொல் நாம் அறிந்தவரை இல்லை. 'ஏவல்' என்பது 1919இல் எழுந்து சில ஆண்டுகளில் கைவிடப்பட்ட கொள்கைக்கு உரிய சொல்லாகின்றது. அதனை ஆக்கியோர் இப்பூசலை மனங்கொண்டு ஆக்கினர் என்று நாம் கூறவில்லை. ஆங்கிலச் சொல் பிறவினைப் பொருளது. அதனை அவர்கள் நேர்மையாகவே பெயர்த்தனர். மூலச் சொல்லுக்கு உண்மையாக இருந்தமையாற் கருத்திற்குச் சிறிது விலகினர்.

'கிளர்வு' என்பதற்கும் குறை உண்டு. ஒளியை ஏற்று உயர்நிலை அடையும் எலக்ட்ரானையும் நாம் கிளர்வுற்றது என்கின்றோம். அது உண்மையில் ஏவப்பட்டதே. இரு வேறு கருத்துகளுக்கு ஒரு சொல்லை வழங்கியது தமிழ்நாட்டு வழக்கின் வழு. இலங்கை வழக்கில் இம்மயக்கம் இல்லை.

1935இல் பிரின்சுடனில் அயரிங்கும், மாஞ்செஸ்டரில் எவான்சும் போலனியும் வேறொரு வகையில் இதனை நோக்கினர். வினைபுரியும் அணுக்கள் ஓர் இடைநிலையைக் கடந்தே விளைபொருளாகின்றன; அவ்விடைநிலையின் உயரமே கிளர்வு ஆற்றல். கோவையினின்றும் சேரநாடு செல்வோன் கடக்க வேண்டிய உயரம் மலைச்சிகரத்தின் உயரமன்று. பாலைக்காட்டுக் கணவாயின் உயரமே. சேரநாடு எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதும் அவன் கடக்கும் விரைவிற்குக் காரணமன்று. பழைய நாட்டக் கொள்கையின் பிழை இதனால் விளங்கும். கணவாயின் உயரம் மட்டுமன்றி அகலமும் கருதத்தக்கது. குறுகிய கணவாயில், உயரம் குறைவாயினும், சிலரே ஒருபொழுதிற் செல்ல இயலும். மூலக்கூறுகள் ஆற்றலோடு, தக்க திசையிலும் தக்க அமைதியிலும் பொருந்த வேண்டியிருத்தல் இவ்வகலத்தால் உணர்த்தப்படும்.

இனி அமிலத்தின் செயல் எஞ்சி நிற்கின்றது. எதிர்மாற்றத்தில் அமிலம் செலவாவதில்லை. ஆயினும் அஃதின்றி வினை நிகழ்வதாகத் தோன்றுவதில்லை. இவ்வகைப் பொருள்கள் உறங்கும் நாட்டத்தை எழுப்புகின்றன என்று 1835இல் பெர்சீலியஸ் கருதினார். ஆஸ்வால்டு அதனை மறுத்து, வினையூக்கி இல்லாததை உண்டாக்குவதன்று, நிகழும் வினையின் வேகத்தையே மாற்றுவது என்று வரையறுத்தார்; 1909இல் அவர் பெற்ற நோபல் பரிசு இவ்வாராய்ச்சிகளைக் கருதியது. மலையைத் தாழ்த்தாது, தாழ்ந்த வேறொரு கணவாயைத் திறந்துவிடுதல் வினையூக்கியின் தொழில்.

உயிருடற்கண் அத்தொழிலைச் செய்வன நொதிகள். அவற்றின் வேகத்தைப் பற்றிய கணக்கும் இதே சருக்கரையினின்றே பிறந்தது. ஈஸ்டினின்றும் எதிர்மாற்று நொதியை 1860இல் பெர்த்தலோ பிரித்தார். 1903இல் பாரிசில் விக்டர் அன்ரி அதன் வேகத்திற்கு ஒரு சமன்பாடு வகுத்தார். ஆனால் கரைசலின் அமிலத்தன்மையை அவர் ஒரு நிலையில் நிறுத்தவில்லை. புதிதாகப் பிறந்த குளுக்கோஸ் தன் ஒளித்திருப்பத்தை மெல்ல மாற்றிக்கொள்வதனால் வரும் வழுவையும் நீக்கவில்லை. 1913இல் பெர்லினில் மிக்கேலிசும் கனடா நாட்டுப் பெண்மணியாகிய மாடு மென்டனும் இவ்விரு குறைகளையும் களைந்து, வில்கெல்மியின் ஒளிமுறையினாலேயே இன்று அவர்கள் பெயரால் வழங்கும் விதியை நிறுவினர்.

ஆஸ்வால்டின் வரையறை மெய்யாயின், அமிலமோ நொதியோ இல்லாத தூய நீரிலும் சருக்கரை தானே பிரிந்துகொண்டிருத்தல் வேண்டும். அது பன்னெடுங்காலம் சோதனைக்கு எட்டாதிருந்தது. அமெரிக்க நாட்டு உல்ஃபன்டனும் யுவானும் மிக உயர்ந்த வெப்பநிலைகளில் அவ்வேகத்தை அளந்து, அர்ரீனியஸ் வாய்பாட்டின் வழி 25 பாகைக்கு இறக்கிக் கணக்கிட்டு 2008இல் வெளியிட்டனர். நடுநிலை நீரில் உள்ள சருக்கரை பாதியாகக் குறையும் காலம் 440 ஆண்டுகள். வில்கெல்மி தம் கரைசலில் அமிலம் இடாமலே அமர்ந்து நோக்கியிருப்பாராயின், 1850இல் தொடங்கிய அச்சோதனை பாதியளவை எய்தும் ஆண்டு 2290.